அண்ணன் வயல் உமி

என் அண்ணனுடைய ஐந்து மா நிலத்தை நான் ஒரு பேட்டரிக்குள் போட்டேன். ஊரில் கேட்டால் தொழில் நொடித்துவிட்டது என்பார்கள். படித்தவர்களைக் கேட்டால் முதலீடு கைகொடுக்கவில்லை என்பார்கள். இரண்டும் நாகரிகமான பேச்சு. நடந்தது நான் சொன்னதுதான்.

மா என்பது எங்கள் பக்கத்து அளவு. மூன்று மா சேர்ந்தால் ஓர் ஏக்கர். பெரிய பண்ணைக்காரர்கள் ஐந்து மாவை நிலம் என்றே சொல்லமாட்டார்கள், துண்டு என்பார்கள். ஆனால் எங்கள் அப்பாவும் அம்மாவும் கீழ்வேளூர் பக்கத்தில் அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்து, நடவு நட்டு, கட்டு சுமந்து, ஒரு சாண் மண்கூடத் தங்கள் பேரில் இல்லாமல் செத்துப்போனவர்கள். அண்ணன் இருபத்தொரு வயதில் வளைகுடாவுக்குப் போனான். தொண்ணூறுகளில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருத்தர் அப்படிப் போனார்கள். அங்கே தண்ணீர் லாரி ஓட்டினான். பன்னிரண்டு வருடம். அதில் ஏழு வருடச் சம்பளம் அந்த ஐந்து மா. மீதி ஐந்து வருடச் சம்பளம் என் படிப்பு.

நீடாமங்கலம் பக்கத்தில் அந்த நிலம் கிரயமானபோது அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. அப்போதுதான் பதினெட்டு முடிந்து கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த என் பேரில் பதிந்தார்கள். “ஒம்பேர்ல இருந்தா என்ன, எம்பேர்ல இருந்தா என்ன” என்று போனில் சிரித்தான். பட்டா என் பேரில், வயல் அவனுடையது. இதில் எங்களுக்குள் ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் வேதியியல் படித்தேன். முனைவர் பட்டம் வாங்கினேன். கல்யாணம் ஆகித் தஞ்சாவூரில் குடியிருந்து ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்தினேன். பிள்ளைகள் கொட்டாவி விட்ட நேரம் போக மிச்ச நேரத்தில் பேட்டரி ஆராய்ச்சி செய்தேன். மின்சார வண்டி என்ற பேச்சு எங்கே பார்த்தாலும் அடிபட்ட காலம். அந்த வண்டிகளெல்லாம் லித்தியத்தில் ஓடின, லித்தியமோ கடல் தாண்டி வரவேண்டிய சரக்கு. அடுத்த தலைமுறைப் பேட்டரி என்று உலகம் தேடிக்கொண்டிருந்தவற்றில் ஒன்று சோடியம். சாப்பாட்டு உப்பில் இருக்கிறதே, அதேதான். அந்தச் சோடியம் வந்து தங்கிப் போக ஒரு கரி வேண்டும். அடுப்புக்கரி உதவாது. உள்ளே சந்தும் பொந்துமாக இருக்கிற கெட்டிக் கரி வேண்டும். அதை நெல் உமியைக் கருக்கிச் செய்ய முடியுமா என்பதுதான் என் வேலை. தஞ்சாவூரில் உட்கார்ந்துகொண்டு உமிக்கு எங்கே போவது என்று யாரும் கேட்கப்போவதில்லை.

பொங்கலுக்கு அண்ணன் வீட்டிலிருந்து சீர் வரும். அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து, பறங்கிக்காய். அந்த வருடம் சீரோடு ஒரு மூட்டை உமியும் வேண்டும் என்று கேட்டேன்.

“உமியா? ஊர்ல அவனவன் தங்கச்சி பட்டுப்பொடவை கேக்குது. எந்தங்கச்சிக்கு உமி வேணுமாம்” என்றான் அண்ணன். ஆனால் கொண்டுவந்தான். தன் வயல் நெல்லை நீடாமங்கலத்து மில்லில் அரைத்து, அதன் உமியைப் புதுச் சாக்கில் போட்டு, வாயைத் தைத்து, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இறக்கினான்.

பிரித்துப் பார்த்தேன். பொன்னிறமாக, மொறமொறவென்று, அள்ளினால் கையில் தூசி ஒட்டாத உமி. நான் அதைப் பார்த்து என்ன நினைத்தேன்? நல்ல உமி என்று நினைத்தேன். முனைவர் பட்டம் வாங்கியவள் நினைத்தது அவ்வளவுதான். வேறு யாரிடமாவது வாங்கியிருந்தால் ஒரு தாளை நீட்டி, எந்த ரகம், எந்த மில், எப்படிக் காயவைத்தீர்கள், வேறென்ன செய்தீர்கள் என்று கேட்டு எழுதி வாங்கியிருப்பேன். சீராக வந்த மூட்டையை அப்படித் துருவிக் கேட்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. கொடுத்தவர்களும் அதற்குப் பட்ட பாட்டை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். சொன்னால் கொடுத்ததற்கே மதிப்பில்லை என்பார்கள்.

அந்த உமியில் செய்த கரி நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்தது. சோடியத்தை வாங்கித் திருப்பிக் கொடுத்தது, மறுபடி வாங்கியது, நூறு முறை, இருநூறு முறை, சோர்வே இல்லை. இன்னொரு மூட்டை கேட்டேன். அதுவும் அப்படியே வந்தது. கட்டுரைகளில் மற்றவர்கள் உமிக்கரியைப் பற்றி எழுதியிருந்ததோடு ஒப்பிட்டால் எங்களுடையது எங்கேயோ இருந்தது. ஏன் என்று கேட்டவர்களுக்கு ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். காவிரி வண்டல். அறிக்கையில்கூட, “காவிரிப் படுகை உமிக்கே உரிய குணம்” என்று எழுதினேன். எழுதியபோது கொஞ்சம் மார்தட்டலாகவும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

என்னோடு கல்லூரியில் வேலை பார்த்த நண்பர் ஒருவரும் நானும் வேலையை விட்டுவிட்டு ஒரு நிறுவனம் தொடங்கினோம். தஞ்சாவூருக்கு வெளியே பழைய நெல் கிடங்கு ஒன்றை வாடகைக்குப் பிடித்தோம். சென்னையிலிருந்து முதலீட்டு நிறுவனத்துக்காரர் ஒருவர் வந்து பார்த்தார். தன்மையான மனிதர். கரியை விரலில் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “எல்லாம் நல்லாருக்கு மேடம். நீங்க ரெண்டு பேரும் உங்க சொந்தப் பணத்துல எவ்வளவு போடறீங்க? உங்களுக்கே நம்பிக்கை இருக்கான்னு நாங்க பாக்கணும்ல?”

நண்பர் திருச்சியில் வாங்கிப்போட்டிருந்த மனையை விற்றார். எனக்கு விற்க ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரர் சம்பளம் வீட்டுக் கடனுக்கும் பிள்ளைகளுக்கும் சரியாக இருந்தது. இதை அண்ணனிடம் போனில் புலம்பினேன். உதவி கேட்டுப் புலம்பவில்லை என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை.

மறுநாள் காலையிலேயே வந்துவிட்டான். கையில் மஞ்சள் பை, பைக்குள் பத்திரம்.

“ஒத்தி வெச்சுடலாம் பாப்பா. ஆளுகூடப் பேசிட்டேன். மூணு வருஷம் கெடு.”

ஒத்தி என்றால், பணம் கொடுத்தவர் கெடு முடியும்வரை நிலத்தின் பலனை அனுபவிப்பார். கெடுவுக்குள் பணத்தைத் திருப்பினால் நிலம் திரும்பும். திருப்பாவிட்டால் கிரயம் செய்துகொடுத்துவிட வேண்டும் என்று பேச்சு.

“வேணாண்ணே. நெலத்துல கை வெக்காத” என்றேன்.

“நான் எங்க கை வெக்கறேன்? கையெழுத்து நீதான் போடணும்” என்று சிரித்தான். பிறகு சொன்னான்: “நம்ம வயலு உமியில வண்டி ஓடும்னு சொல்றே. அடுத்தவன் பணத்தை வாங்கி அதுல போடுவே, நம்ம பணத்தைப் போடமாட்டியா? நம்ம மண்ணை நாமளே நம்பலேன்னா எவன் நம்புவான்?”

நான் இரண்டாவது முறை வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஒத்திப் பத்திரம் எழுதிய அன்று மத்தியானம் அண்ணன் வீட்டில் சாப்பிட்டேன். அண்ணி எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைப் பள்ளிக்கூடப் பிள்ளையாகப் பார்த்த நாளிலிருந்து எனக்குத் தலை பின்னி விட்டவர். ரசம் ஊற்றும்போது மட்டும் மெதுவாகக் கேட்டார்.

“பாப்பா, அது வரும்ல?”

“எது அண்ணி?”

“நெலம்.”

“வரும் அண்ணி” என்றேன். ரசம் நன்றாக இருக்கிறது என்று சொல்வதுபோல அவ்வளவு சுலபமாகச் சொன்னேன்.

ஒத்தி வாங்கியவர் கெட்டவர் இல்லை. அண்ணனையே வாரத்துக்குச் சாகுபடி செய்யச் சொன்னார். விளைச்சலில் ஒரு பங்கு அவருக்கு, ஒரு பங்கு அண்ணனுக்கு. தன் வயலிலேயே அண்ணன் வாரக்காரன் ஆனான். அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “மூணு வருஷந்தானே, ஓடிப்போயிடும்” என்றான்.

முதல் வருடம் நல்ல வருடம். மாதம் ஒரு மூட்டை அண்ணன் வீட்டு உமி வரும். சின்ன உலையில் கருக்கிச் சின்னச் சின்ன செல்களாகச் செய்தோம். அவற்றைச் சேர்த்து ஒரு ஸ்கூட்டரில் பொருத்தி, முதலில் ஓட்டிப்பார்க்க அண்ணனைத்தான் கூப்பிட்டேன். லாரி ஓட்டியவன், சத்தமே இல்லாத வண்டியில் ஏறி உட்கார்ந்து, “ஸ்டார்ட் ஆயிடுச்சா இல்லையா?” என்று மூன்று முறை கேட்டான். பிறகு முறுக்கினான். கிடங்கைச் சுற்றிப் போய், மெயின் ரோட்டில் ஏறி, கண்ணுக்கு மறைந்து, அரைமணி நேரம் கழித்துத் திரும்பிவந்தான். பின் சீட்டில் யாரோ ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வழியில் பார்த்து ஏற்றிக்கொண்டானாம். “நெல்லு உமியில ஓடுதுங்க இது, எங்க வயலு உமி” என்று அவரிடம் சொல்லிக்கொண்டே இறங்கினான். அன்றைக்கு அவன் முகம் இருந்த இருப்பு இப்போதும் என் கண்ணில் நிற்கிறது.

இரண்டாம் வருடம் பெரிய உலை வந்தது. பெரிய உலைக்கு மாதம் ஒரு மூட்டை எந்த மூலைக்கு? மில்களிலிருந்து லாரி லாரியாக உமி இறக்கினோம். அங்கேதான் பிடித்தது சனி. மில் உமியில் செய்த செல்கள் பத்து நாள் நன்றாக இருந்துவிட்டுப் படுத்துவிடும். சார்ஜ் ஏறும், நிற்காது. உலையைச் சந்தேகப்பட்டோம். சூட்டை ஏற்றினோம், இறக்கினோம். வேலை செய்த பெண்களைக் கடிந்துகொண்டேன், பாவம், அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. சந்தேகம் தீர அண்ணன் வீட்டு உமியை அதே உலையில் போட்டோம். தங்கமாக வந்தது. அண்ணன் வயலுக்குப் பக்கத்து வயல் உமியை வாங்கிப் போட்டோம். படுத்துவிட்டது.

ஆக, அண்ணன் வயலில் என்னவோ இருக்கிறது என்று முடிவு கட்டினோம். நானும் நண்பரும் போய் வயலின் நான்கு மூலையிலும் நடுவிலும் மண் எடுத்தோம். வாய்க்கால் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்தோம். அவன் போடும் உரத்தை எழுதிக்கொண்டோம். குறுவையில் ஒரு முறை, சம்பாவில் ஒரு முறை வைக்கோலைக்கூட அறுத்துவந்து பரிசோதித்தோம். பக்கத்து வயல்காரர்கள் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அண்ணன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, “அது மண்ணு வாகுங்க. அவங்கவங்க கைவாகும் இருக்குல்ல” என்று அவர்களுக்கு விளக்கம் சொன்னான். மண் சோதனையில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. தெரியாததால் எங்களுக்கு அது இன்னும் பெரிய ரகசியமாகப் பட்டது. ஒரு மண்ணும் புரியாத நிலையில் இருந்தபோதுகூட நான் சென்னைக்கு நம்பிக்கையான வார்த்தைகளில் மாதாமாதம் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன்.

மில் உமிப் பேட்டரியைப் போட்ட ஸ்கூட்டர் ஒன்றை அண்ணன் ஊருக்கு எடுத்துப் போயிருந்தான். வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டால், “ஜம்முனு இருக்கு” என்பான். அது வழியில் நின்று, வெயிலில் ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போயிருக்கிறான் என்பது பல மாதம் கழித்து ஒரு கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு முறை இல்லை, மூன்று முறை தள்ளியிருக்கிறான். ஏன் சொல்லவில்லை என்று சண்டை போட்டேன். “நீ வேற மனசு ஒடைஞ்சுபோவே” என்றான். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் ஒருவர் மனசு ஒருவர் உடையாமல் பார்த்துக்கொள்வதிலேயே கெட்டோம்.

மூன்றாம் வருடத் தொடக்கத்தில் சென்னைக்காரர்கள் அடுத்த தவணையை நிறுத்தினார்கள். நண்பர் ஒருநாள் வந்து, கோபமும் இல்லாமல் குறையும் சொல்லாமல், தனக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது என்றார். போகவேண்டாம் என்று சொல்ல எனக்கு எந்த நியாயமும் இல்லை. கெடு முடிய எட்டு மாதம் இருந்தது. கடைசியாக ஒரு சோதனை செய்துபார்க்கலாம் என்று தோன்றியது. அண்ணன் வீட்டு உமியைப் பத்து மூட்டை ஒரே தடவையில் போட்டால் என்ன ஆகிறது என்று பார்ப்பது. ஒரு மினி வேனைப் பிடித்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போனேன். அதுவரை உமி எடுக்க நான் ஒருநாளும் நேரில் போனதில்லை.

அண்ணன் மில்லுக்குப் போயிருந்தான். அண்ணி என்னைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டு, வேனைப் பார்த்ததும் பதறினார்.

“இன்னைக்கேவா பாப்பா? ரெண்டு நாளு டைம் குடேன்.”

“எதுக்கு அண்ணி? அதான் கொட்டகையில குமிஞ்சு கெடக்கே. அள்ளிப் போட்டா முடிஞ்சுது.”

“அப்படியே எப்படிக் குடுக்கறது?” என்றார்.

கொல்லைப்பக்கம் போனேன். கல்யாணத்துக்கு வந்த பெரிய பித்தளை அண்டா, அதில் பழுப்பாகத் தண்ணீர், தண்ணீரில் உமி ஊறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பாயில் இன்னும் கொஞ்சம் உமி காய்ந்துகொண்டிருந்தது. நல்ல வெயில்.

“என்ன அண்ணி இது?”

“புளித்தண்ணி” என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு. திருட்டுத்தனம் எதையோ நான் கண்டுபிடித்துவிட்ட மாதிரி.

எத்தனை நாளாக என்று கேட்டேன். முதல் மூட்டையிலிருந்தே என்றார். மில்லிலிருந்து வரும் உமியில் மண்ணும் தவிட்டுத் தூசியும் இருக்குமாம். பச்சைத் தண்ணீரில் அலசிப் பார்த்தாராம், எங்கள் ஊர்ப் போர்த் தண்ணீர் செங்கறை பிடிக்கும், உமி மங்கிப்போயிற்றாம். பித்தளைக்குப் புளி போட்டால் பளிச்சென்று ஆகிறதே என்று புளியைக் கரைத்து ஒரு ராத்திரி ஊறவைத்து, மறுபடி நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசி, இரண்டு நாள் காயவைத்து அனுப்பியிருக்கிறார். மூன்றரை வருடம். ஒவ்வொரு மூட்டையும். அண்ணனுக்கு அது வீட்டு வேலைகளில் ஒன்று, பேச்சில் எடுக்கத் தோன்றவில்லை.

“ஏன் அண்ணி ஒரு வார்த்தை சொல்லல?”

“சீரு குடுத்துட்டு அதைப் போயி சொல்லிக்காட்டுவாங்களா? நீ வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கிட்டு வேலை செய்யற எடம்னு ஒங்கண்ணன் சொன்னாரு. அங்க கொண்டுபோயி அழுக்கு மூட்டையை எறக்கினா நாலு பேரு என்ன நெனைப்பாங்க? அண்ணன் வீட்டுலேருந்து வர்ற சாமான் இப்படியான்னு நெனைக்கமாட்டாங்க?”

அவருடைய விரல் இடுக்குகளைப் பார்த்தேன். புளியில் அரித்து வெள்ளையாக வெடித்திருந்தன. நான் அண்டாவிலிருந்து ஈர உமியை அள்ளி முகர்ந்து பார்ப்பதைக் கண்டு அவர் முகம் மாறிவிட்டது.

“ஏன் பாப்பா, கெட்டுப்போயிடுச்சா?”

“இல்ல அண்ணி” என்றேன்.

புளியில் இருக்கும் அமிலம் உமியிலுள்ள சாம்பல் சத்தை இழுத்துவிடும். வயலுக்கு உரமாகப் போடுகிறோமே, அந்தப் பொட்டாஷ்தான். இரும்பையும் இழுத்துவிடும். மில் உமியில் இவையெல்லாம் அப்படியே இருந்து கரியைக் கெடுத்திருக்கின்றன. அண்ணியின் உமியில் அவை இல்லை. காவிரி வண்டலுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உலகத்தில் எந்த நெல் உமியையும் புளித்தண்ணீரில் ஊறவைத்தால் இதுதான் நடக்கும். இதை முதல் வருட மாணவி சொல்லிவிடுவாள். என் குற்றத்தை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. அண்ணி செய்தது அன்பு. நான் செய்யாமல் விட்டது வேலை. சாமான் எப்படித் தயாரானது என்று கேட்பதுதான் என் தொழிலின் முதல் படி, அதை நான் கேட்கவில்லை. கேட்காமல் விட்ட ஒரு கேள்வியின் மேல் மூன்றரை வருடத்தையும் ஐந்து மாவையும் ஏற்றிவைத்திருந்தேன்.

கிடங்குக்குத் திரும்பி, மில் உமியை மென்மையான அமிலத்தில் ஊறவைத்துக் கழுவி உலையில் போட்டோம். ஐந்து வாரத்தில் தெரிந்துவிட்டது. செல்கள் நின்றன. ஒன்றுகூடப் படுக்கவில்லை. உட்கார்ந்து அழுதேன். கூட இருந்த பெண்கள் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து மிட்டாய் வாங்கிவரப் போனார்கள்.

சென்னைக்குப் போன் செய்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கழுவும் தொட்டிகள் வேண்டும். அவ்வளவு நல்ல தண்ணீர் வேண்டும். கழுவிய தண்ணீரைச் சுத்தம் செய்யாமல் வாய்க்காலில் விடமுடியாது, அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். இதற்கிடையில் வெளிநாட்டு செல்களின் விலை சரசரவென்று இறங்கியிருந்தது. “சயின்ஸ் கரெக்டுதான் மேடம்” என்றார். “ரெண்டு வருஷம் முன்னாடி இதைச் சொல்லியிருந்தீங்கன்னா...” வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. தன்மையான மனிதர் என்று சொன்னேனே.

அண்ணனிடம் சொல்லியாக வேண்டும். நீடாமங்கலத்துக்குப் போனேன். ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிக்கொண்டான். ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். அங்கே கேட் போட்டால் லேசில் திறக்காது, என்ஜின் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருக்கும். வண்டியை அணைத்துவிட்டு நின்றோம். அந்த இடத்தில் வைத்துத்தான் சொன்னேன், புளித்தண்ணீர் முதல் சென்னைப் போன் வரை. நிலத்தை மீட்க வழியில்லை என்பதையும் சொன்னேன்.

நிலத்தைப் பற்றிக் கேட்பான் என்று நினைத்தேன்.

“அப்ப நம்ம வயலு உமிக்குன்னு விசேஷம் ஒண்ணும் இல்லையா?” என்றான்.

“இல்லண்ணே. எல்லா உமியும் மாதிரிதான்.”

தலையை ஆட்டினான். அவனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டதில் நிலத்தைவிட இது பெரிதோ என்று எனக்கு அப்போது தோன்றியது. இரண்டரை வருடமாக டீக்கடையில், மில்லில், பஸ்ஸில், தன் மண்ணைப் பற்றிப் பேசித் திரிந்தவன். கூலிக்காரர் மகனுக்கு அப்படிப் பேச ஒரு மண் கிடைத்திருந்தது.

கேட் திறந்தது. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். வண்டியைக் கிளப்பாமல் திரும்பிப் பார்த்துச் சொன்னான்: “ஒங்கண்ணிகிட்ட மட்டும் சொல்லாத. ஆசையா செஞ்சது அது. தப்பா ஆயிடக்கூடாது.”

சொல்லவில்லை. நிலம் வராது என்பதை அண்ணனே அவரிடம் சொன்னான். எதனால் என்பதைச் சொல்லவில்லை. அடுத்த முறை நான் போனபோது அண்ணி, “நான் வேணும்னா இன்னும் நல்லா கழுவித் தரட்டுமா பாப்பா?” என்று கேட்டார். என்னால் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. அண்ணிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். ஆனால் பேப்பர், புஸ்தகம் பக்கம் போகமாட்டார். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கெடு முடிந்த மறுவாரம் கிரயத்துக்கு நாள் குறித்தார்கள். நான் அதற்குள் கிடங்கைக் காலி செய்துவிட்டு ஓசூரில் ஒரு பேட்டரிக் கம்பெனியில் சம்பளத்துக்குச் சேர்ந்திருந்தேன். ஒரு நாள் லீவு போட்டு வந்தேன். ஒத்திக்காரருடைய மகன் வெளிநாட்டிலிருந்து திரும்பிவிட்டான், இனிமேல் இயந்திரம் வைத்து அவனே சாகுபடி பார்ப்பான் என்றார்கள். ஆக, அண்ணனுக்கு வாரமும் இல்லை.

பதிவு அலுவலகத்துக்கு எதிரே பத்திர எழுத்தரின் அறை. கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே கேட்டார். விற்பவர் பேர், அப்பா பேர், முகவரி. தொழில் என்ன என்றார். தனியார் நிறுவனத்தில் வேலை என்றேன். சாட்சி யார் என்றார். அண்ணன் முன்னால் வந்தான். அவனுக்குச் சாட்சிக் கையெழுத்து மட்டும்தான் அந்தப் பத்திரத்தில். பேரைச் சொன்னான். அப்பா பேரைச் சொன்னான்.

“தொழில் விவசாயம்தானே?” என்று எழுத்தர் அவராகவே தட்டப்போனார்.

“இல்லைங்க. கூலின்னு போடுங்க” என்றான் அண்ணன்.

“விவசாயம்னே இருக்கட்டுங்க” என்று நான் குறுக்கே சொன்னேன்.

அண்ணன் என் பக்கம் திரும்பினான். முகத்தில் கோபம் இல்லை. சின்ன வயதில் நான் கணக்கில் தப்புப் போட்டால் திருத்துவானே, அந்த மாதிரி நிதானமாகச் சொன்னான்.

“பத்திரத்துல பொய் எழுதக்கூடாது பாப்பா.”

எழுத்தர் ‘கூலி’ என்று தட்டினார். தாள் சூடாக வெளியே வந்தது. நான் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன்.